சந்தனம் பூசிய பயணிகள்

வேனில் இருந்தவர்கள் விவரம் வருமாறு. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாவூது அண்ணன். அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. முந்தின நாள் ஆயுதபூசையில் மீந்த பொரி மூட்டை உட்கார்ந்திருந்தது. நடு வரிசையில் இடது சன்னலோரம் அங்கயற்கண்ணி, வலது சன்னலோரம் குமரகுரு, இருவருக்கும் நடுவே மரியாதையாக ஓர் ஆள் இடைவெளி. பின்வரிசையில், ஆளுக்கொரு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக இரண்டு டேப் பெட்டிகள். அதில் ஒரு பெட்டிக்குள் இருந்தவரும் குமரகுருதான்.

பெட்டிக்கு எதற்கு சீட் பெல்ட் என்று கேட்கலாம். மனிதனின் நினைவு முழுவதையும் டேப்பில் ஏற்றிவிடலாம் என்று ஆன பிறகு, அந்த டேப் சாமானா, ஆளா என்று ஒரு வழக்கு பல வருஷம் இழுத்தது. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மனம் நோகாமல் தீர்ப்பு வந்தது: அலமாரியில் கிடக்கும்வரை சாமான், வண்டியில் ஏறிவிட்டால் பயணி. பயணிக்கு இருக்கை உண்டு, பெல்ட் உண்டு, பேர் கூப்பிட்டால் ஆஜர் சொல்லும் கடமையும் உண்டு. பெட்டியால் வாய்திறந்து ஆஜர் சொல்ல முடியாது என்பதால் அதன் பார்கோடு சொல்லும்.

வீடு எரிந்தாலும் ஊரையே வெள்ளம் கொண்டுபோனாலும் டேப்பில் ஏற்றிய நினைவுப் படி பிழைக்க வேண்டுமே என்று, கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், கல் வெட்டி ஓய்ந்த ஒரு குவாரிக் குகையில் காப்பகத்தை வைத்திருந்தார்கள். குகை வாசலிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வாசல்வரை டேப் ஒரு கணமும் கணக்கிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது அங்கயற்கண்ணியின் உத்தியோகம். உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். 'பொருள்', 'பார்வை' என்று போட்டு அவள் எழுதும் கடிதத்தை மேலதிகாரிகள் மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்வார்கள். பேச்சு மட்டும் அவளுக்குச் சில இடங்களில் திக்கும். முக்கியமாக 'க' வரிசை. அதனால்தான் எழுத்து அவ்வளவு சுத்தமாக வந்ததோ என்னவோ.

"ஏனுங்க மேடம், இந்த டேப்பை என் தலைக்குள்ள ஏத்துனா, இப்ப இருக்கிற நான் என்ன ஆவேன்?" என்றான் குமரகுரு.

"படி எடுத்த நாளுக்குப் பிறகு நடந்ததெல்லாம் போயிரும். அதுமேலதான் எழுதும்."

"ரெண்டையும் சேர்த்து வெச்சுக்க முடியாதுங்களா?"

"முடியாது."

"அப்ப காலையில தருமபுரியில சாப்பிட்டோமே, அந்த இட்லி?"

"போயிரும்."

"நல்ல இட்லிங்க," என்று மனப்பூர்வமாக வருத்தப்பட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்து க்யூவில் நின்றது.

விஷயம் இதுதான். மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் இந்தக் குமரகுரு, இரண்டு வாரத்துக்கு முன்னால் மாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவ ஏறி, பாசியில் வழுக்கி விழுந்தான். எழுந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. கடந்த ஒரு வருஷத்தை மட்டும் காணோம். அந்த வருஷத்துக்குள்தான் அவன் அங்கயற்கண்ணியைப் பெண் பார்க்கப் போனது, கேசரியில் உப்பு இருந்தும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது, நிச்சயமானது, வைகை அணைக்குப் போகும் வழியில் பைக் செயின் அறுந்து இருவரும் நாலு மைல் நடந்தது எல்லாம். நல்லவேளையாக, வைகை அணைக்குப் போய்வந்த கையோடு அவனைப் பிடித்திழுத்துப் போய் ஒரு படி எடுக்க வைத்தவள் அவள்தான். அந்த டேப்தான் பின்னால் உட்கார்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

மீட்பு முடியும்வரை, தொலைந்த காலத்தைப் பற்றி ஒரு சொல்கூட அவனிடம் சொல்லக் கூடாது என்று விதி. சொல்லிக் கேட்டதும் டேப்பில் இருப்பதும் மோதிக்கொண்டால் தலைக்குள் இரண்டு கணக்கு ஓடுமாம். வண்டிக்குக் காது உண்டு. யாராவது உளறினால் அங்கேயே மீட்பை நிறுத்திவைத்துவிடும். உரியவர் நடமாடக்கூடியவர் என்றால் டேப்பை வாங்க நேரில் வரவேண்டும் என்பது இன்னொரு விதி. ஆக, தன் மாப்பிள்ளையோடு காலையிலிருந்து ஒரே வரிசையில் பொரி கொறித்துக்கொண்டு, அவன் "மேடம்" என்று கூப்பிடக் கூப்பிட, "சொல்லுங்க சார்" என்று வந்துகொண்டிருந்தாள் அங்கயற்கண்ணி. எல்லாம் தெரிந்த தாவூது அண்ணனுக்கு அடக்க முடியவில்லை. ஊர்வலத்தில் வாசிக்கும் நாதசுர மெட்டுகளாகச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

"மேடத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"நிச்சயமாயிருக்கு."

"அட, எனக்குந்தானுங்க! ஆனா பொண்ணைப் பார்த்த ஞாபகமே இல்லை. போட்டோவைக்கூட அம்மா ஒளிச்சு வெச்சிருச்சு. ஏனுங்க, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?" குரலைத் தாழ்த்தினான். "காலையில இருந்து எனக்கு அந்தப் பொண்ணு நெனைப்பே வரலைங்க. வேற நெனைப்பாவே இருக்குது. அது துரோகம்தானுங்களே?"

தாவூது அண்ணனுக்குப் பொரி புரையேறியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நேரானது.

"அது வந்து... க... க..." என்று தொடங்கினாள் அங்கயற்கண்ணி.

"காப்பகம்," என்றது வண்டி. அதற்கு ஒரு பெண் குரல் வைத்திருந்தார்கள், முந்திரிக்கொட்டைக் குரல்.

"கஷ்டம்னு சொல்ல வருது தங்கச்சி," என்றார் தாவூது அண்ணன்.

குமரகுரு எதுவும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே, லாரிகள் நசுக்கிப் போன பூசணிக்காய்களைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்லி முடிப்பாள் என்ற நம்பிக்கையோடு சும்மா இருந்தான்.

"கவலைப்படாதீங்க," என்று முடித்தாள். முடித்த பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. பெண் பார்க்க வந்த அன்றும் இவன் இப்படித்தான் இருந்தான். கூடத்தில் அத்தனை பேரும் அவள் வாயிலிருந்து வராத சொல்லை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தபோது, இவன் ஒருவன் மட்டும் கேசரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அன்றைக்கே அவள் மனத்துக்குள் தாலி ஏறிவிட்டது.

தொப்பூர்க் கணவாயின் தலைப்பில் வண்டி தானாக ஓரங்கட்டி நின்றது.

"பயணிகள் வருகைப் பதிவு," என்றது குரல். "பின்வரிசை, ஒன்று?"

அங்கயற்கண்ணி ஸ்கேனரை நீட்டினாள். சத்தமில்லை. ஸ்கேனரைத் திருப்பிப் பார்த்தால் அதன் கண்ணாடியிலும் ஒரு பொட்டு. துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். ஊகூம். அப்போதுதான் பெட்டிகளை உற்றுப் பார்த்தாள். நெற்றிச் சந்தனம் என்று அவள் காலையில் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏற்றிய இடம், சரியாகப் பார்கோடு இருந்த இடம். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், ஊத்தப்பம் மாதிரி. நகத்தால் சுரண்டினால் கறுப்புக் கோடுகளும் சேர்ந்து பொருக்காக உரிந்து வந்தன.

"நேத்து குகையில டேப் வெளியேத்தம் பதிஞ்சாங்களே, அப்ப நல்லா இருந்ததே!" என்றாள்.

"நேத்து எங்க பதிஞ்சாங்க?" என்றார் தாவூது அண்ணன். "ஆயுதபூசையன்னைக்கு ஆயுதத்தைத் தொடலாமா? முந்தாநாளே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முடிச்சுட்டு, ஸ்கேனரைக் கழுவி சாமிக்கு முன்னால வெச்சுட்டாங்க. பெட்டிங்களையும் வரிசையா அடுக்கி வெச்சாங்க. பார்கோடு பளிச்சுனு இருந்தா, பொட்டு வெக்கிற கை வேற எங்க போகும்? நான்தாம்மா கிண்ணத்தைப் பிடிச்சேன்."

"அடையாளம் இல்லாத பயணிகள் இருவர்," என்றது வண்டி. "ஒரு மணி நேரத்துக்குள் அடையாளம் தராவிட்டால் அழிக்கப்படுவர்."

இருக்கைக்கு அடியில் காந்தச் சுருள் உறுமிப் பார்த்துக்கொண்டது.

"அழிக்கறதுன்னா?" குமரகுரு எழுந்துவிட்டான்.

"தடம் அறுந்த டேப்பை யார் தலையிலயும் ஏத்தக் கூடாது சார். முன்ன ஒரு தடவை எங்கயோ மாறிப்போயி, ஒரு புது மாப்பிள்ளைக்கு ரிடையர்டு தாசில்தாரோட டேப்பை ஏத்திட்டாங்க. முதலிரவுல பொண்ணுகிட்ட பட்டா கேட்டிருக்காரு."

"இப்ப என்ன பண்றது?"

"ஒரே வழிதான். டேப்பை எழுப்பி, அதையே பேசவிட்டு, யாருன்னு நிரூபிக்கணும்." சொல்லிவிட்டுச் சாலையோர டீக்கடையை எட்டிப் பார்த்தாள். எழுந்து பேசப்போகிறவன் எல்லாம் தெரிந்தவன். இவன் காதில் விழக் கூடாது. "நீங்க போயி... அந்தக் கடையில டீ சொல்லிட்டு வாங்க சார். மெதுவா வாங்க. பஜ்ஜி போட்டா இருந்து வாங்கிட்டு வாங்க."

அவன் போனதும், பின்கதவைத் திறந்து, 'எழுப்பி' என்று அவர்கள் சொல்லும் கருவியை முதல் பெட்டியில் செருகினாள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான்.

"யாரது? ஜாடியைக் கிளறியாச்சா?" என்று அதட்டியது பெட்டி.

குமரகுரு இல்லை. கோயம்புத்தூரில் காய்ச்சலில் படுத்து எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஊறுகாய்க் கடை வள்ளியப்பச் செட்டியார்.

"அடையாளக் கேள்வி," என்றது வண்டி. "உங்கள் ஆவக்காயில் கடைசியாகச் சேரும் பொருள் என்ன?"

செட்டியாரின் கேமரா வண்டிக்குள் சந்தேகமாக ஒரு நோட்டம் விட்டது. பிறகு சொன்னார்: "ஏம்மா, இந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னவன் எந்தக் கடைக்காரன்? உசிரு போனாலும் சொல்ல மாட்டேன்."

"செட்டியாரே, சொல்லலைன்னா உசிரு நெசமாவே போயிரும்," என்று தாவூது அண்ணன் கெஞ்சினார்.

"போகட்டும்! எங்கப்பச்சி எனக்கே சாகுறப்பத்தான் சொன்னாக!"

"விடை ஏற்கப்பட்டது," என்றது வண்டி. "பயணி ஒன்று, ஆஜர்."

அவர் பதிந்து வைத்திருந்த சரியான விடையே அதுதான்.

சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அங்கயற்கண்ணி இரண்டாம் பெட்டியை எழுப்பினாள்.

"அங்கை!" என்றது அது. ஒரே சொல். இரண்டு வாரமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. "அதுக்குள்ள முடிஞ்சுருச்சா? இப்பத்தானே படி எடுக்க ஊசி போட்டாங்க? இதென்ன, கன்னத்துல பொரி ஒட்டிட்டிருக்குது? ஏன் அழுவுறே? கல்யாணம் நின்னுபோச்சா? எங்க மாமா ஏதாச்சும் கலாட்டா பண்ணிட்டாரா?"

"ஒண்ணுமில்லைங்க. ஒண்ணுமேயில்லை."

"பயணி இரண்டு. அடையாளக் கேள்வி. வைகை அணைக்குப் போகும் வழியில் அறுந்தது என்ன?"

"பைக் செயினுங்க. அப்புறம் இவ செருப்பு. செருப்பைப் பத்தி வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"ஆஜர்."

அப்பாடா என்று அவள் நிமிர்ந்தால், திறந்த பின்கதவுக்கு வெளியே மூன்று டீத் தம்ளரும் ஒரு பஜ்ஜிப் பொட்டலமுமாகக் குமரகுரு நின்றுகொண்டிருந்தான். எண்ணெய் காயவில்லையாம், பக்கத்துக் கடையில் சுடச்சுட இருந்ததாம்.

"அது என் குரலாச்சுங்களே," என்றான். பிறகு அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். முகம் மெல்ல மெல்லப் பொங்கல் பானை மாதிரி பொங்கியது. "அப்ப... அந்தப் பொண்ணு... நீங்களாங்க? அட ஆண்டவா! அப்ப நான் துரோகமே பண்ணலைங்களா?"

"யாருடா அவன்?" என்றது பெட்டி.

"நீ யாருடா?"

"நான் குமரகுருடா!"

"நானுந்தான்டா!"

"டேய், அவ எனக்கு நிச்சயம் பண்ணுன பொண்ணு. தள்ளி நில்லு."

"எனக்குந்தான்டா நிச்சயம் பண்ணியிருக்குது. அதே பந்தல், அதே பத்திரிகை!"

தாவூது அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். இந்த மாதிரி வேடிக்கை இனி வாழ்நாளில் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"உரியவர் அறிந்துவிட்டார்," என்று வண்டி குறுக்கிட்டது. "மீட்பு நிறுத்தம். தொடர இரு தரப்புச் சம்மதமும் தேவை."

"இரு தரப்புன்னா, மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடுமா?" என்று கேட்டார் தாவூது அண்ணன்.

"இல்லண்ணே. ரெண்டும் மாப்பிள்ளை வீடுதான்," என்றாள் அவள்.

அவளுக்கு நிலவரம் அப்போதுதான் உறைத்தது. டேப்பை ஏற்றினால் உப்புக் கேசரியும் வைகை அணையும் திரும்ப வரும். இந்த இரண்டு வாரமும், இன்றைய வேன் பயணமும், துரோகம் செய்கிறோமே என்று தவித்த இவனும் போய்விடுவான். ஏற்றாவிட்டால், "அங்கை" என்று கூப்பிட்டவன் குகைக்குத் திரும்பிவிடுவான். இரண்டுமே அவன்தான். ஒருவனை வைத்துக்கொள்ளத்தான் இடம். தொட்டி கழுவ ஏறி விழுந்ததையும், ஒரு வருஷம் தொலைந்ததையும், அதற்குப் பிறகான இரண்டு வாரத்தையும் பெட்டிக்குச் சுருக்கமாகச் சொன்னாள்.

வெளியில் நின்றவன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டு யோசித்தான். சண்டைக் களை போய்விட்டது. "ஏத்திருங்க," என்றான். "அவன் முழுசாப் பழகியிருக்கான். நான் அரை நாள்தான். இட்லி போனாப் போவுது."

"அதெல்லாம் வேண்டாம்," என்றது பெட்டி. "எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் அங்கை உனக்குச் சொல்லிக்கலாம். எனக்கு இப்பத்தான் ஊசி போட்ட மாதிரி இருக்குது. திரும்பத் தூங்குனா வலிக்கவா போவுது?"

"நீ மூத்தவன், நீ வா."

"நான் எங்கடா மூத்தவன்? ரெண்டு வாரம் உனக்குத்தான் கூட."

"சொன்னாக் கேளு, நீ வா!"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினாள் அங்கயற்கண்ணி. கணவாய் திருப்பிக் கத்தியது. "பஸ்ஸுல சீட்டு விட்டுக் கொடுக்கற மாதிரி விட்டுக் கொடுக்கறீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு... க... க..."

சொல் அடைத்துக்கொண்டது. வாழ்க்கையிலேயே பெரிய சொல் என்பதால் பெரிதாக அடைத்தது.

வெளியே நின்றவன் டீத் தம்ளரைப் பார்த்தான். பெட்டியின் கேமரா மெதுவாகத் திரும்பி, பொரி மூட்டையைப் பார்த்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"கல்யாணம்," என்றது வண்டி. "கணவர். கருணை. கா—"

"கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்று இரண்டு குரல்கள் ஒரே மூச்சில், ஒரே சுருதியில் அதட்டின.

கணவாயில் ஒரு லாரி ஹாரனடித்து இறங்கிப் போனது. அவள் மனத்துக்குள் ஒரு முடிச்சு, யாரும் இழுக்காமலே அவிழ்ந்தது. அவள் எதற்காக இந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாளோ, சொல் வரும்வரை காத்திருக்கும் அந்தக் குணம், டேப்பில் மட்டும் இல்லை. டேப் இல்லாதவனிடமும் அது இருந்தது. காலையிலிருந்து பக்கத்திலேயே, ஓர் ஆள் இடைவெளியில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

"குமரகுரு," என்றாள். முழுசாக, தடையில்லாமல்.

"சொல்லுங்க," என்றான் ஒருவன். "சொல்லு," என்றான் ஒருவன்.

அவள் பெட்டியின் பக்கம் குனிந்தாள். "நீங்க தூங்குங்க. இவரு என்கூட வரட்டும். என்னைக்காவது இவரு மறுபடி தொட்டி கழுவ ஏறினா, உங்களை எழுப்பறேன்."

"ஏற மாட்டேனுங்க," என்றான் வெளியே நின்றவன்.

"ஏறுவான். எனக்குத் தெரியும்," என்றது பெட்டி. பிறகு குரல் இறங்கியது. "அங்கை, ஒண்ணு. இதெல்லாம் டேப்புல பதியாதில்ல? அடுத்த தடவை எழுப்புறப்போ நான் மறுபடி ஊசி போட்ட நாள்லதான் இருப்பேன். கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கிட்டு. பக்குனு சொல்லிப்புடாதே. பதமாச் சொல்லு."

பெட்டியின் ஓரத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் துடைத்தாள்.

"எழுதியே வெச்சிடறேன்," என்றாள்.

காப்பகத்தின் சேலம் கிடங்கில், செட்டியாரை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் வண்டி தயாராக நின்றது, அதற்கும் அதே முந்திரிக்கொட்டைக் குரல். பெட்டிக்குப் புது பார்கோடு ஒட்டி, இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை அவளே மாட்டினாள். பிறகு கிடங்கு மேசையில் உட்கார்ந்து, வழக்கம்போல் இடப்பக்கம் ஓரம் விட்டு, எழுதினாள்.

*பெறுநர்: திரு. குமரகுரு (படி). பொருள்: தங்களுக்கு நடந்து முடிந்த கல்யாணம் குறித்து. பார்வை: தொப்பூர்க் கணவாயில் நேரில் பேசியது (தங்கள் நினைவில் இராது).*

*ஐயா, இதைப் படிக்கும்போது தாங்கள் இப்போதுதான் ஊசி போட்டதாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பதறவேண்டாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, மாப்பிள்ளை தாங்கள்தான். அவரை அனுப்பிவைத்ததும் தாங்கள்தான்...*

மூன்று பக்கம் போயிற்று. குமரகுரு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"பார்க்காதீங்க. இது உங்களுக்கில்லை."

"என் பேருதானுங்களே போட்டிருக்குது?"

"உங்களுக்குத்தான். ஆனா உங்களுக்கில்லை."

அவன் அதை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்பதுபோல் நகர்ந்து, மேசையின் மறுமுனையில் பொரியோடு உட்கார்ந்தான்.

அவள் கடைசி வரியை எழுதினாள்: *எழுப்பும்போது எதிரில் நான்தான் இருப்பேன். முதல் சொல் வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும். தங்களுக்குத் தெரியாததா.*

கடிதத்தை மடித்துக் கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்து, உறையில் போட்டு ஒட்டினாள். கிடங்குப் பெண்ணிடம் மஞ்சள் வாங்கி, நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள். பார்கோடு மேல் ஒரு துளி மஞ்சளும் படாமல், பெட்டியின் பக்கவாட்டு உறையில் அதைச் செருகிக் கதவைச் சாத்தினாள்.

"பயணிகள்?" என்று கேட்டது வண்டி.

"ஒருத்தர்," என்றாள். "க... க..."

வண்டி வாயைத் திறக்கப்போனது. மேசைப் பக்கமிருந்து ஒருவன் அதை முறைத்தான்.

"கடிதத்தோட," என்றாள் அங்கயற்கண்ணி. வண்டி கிளம்பியது.